பதினோராவது வாரத்துப் பையன்

எங்கள் தொழிலில் இரண்டு காகிதங்கள் ஒன்றையொன்று மறுத்துப் பேசினால் எனக்குக் குஷியாகிவிடும். இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தம். பொய் எழுதிய கையைத் தேடிப் பிடித்தால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அண்ணியின் மேசையில் அப்படி இரண்டு காகிதங்கள் கிடந்தன. அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். நான் அவருக்கு உதவியாளன். அதற்கு முன் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் அறை வாசலில் பன்னிரண்டு வருஷம் தேய்ந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ஆஸ்பத்திரியிலும் கேன்டீனுக்கு வழி சொல்வேன். அண்ணி என்னை வைத்திருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம் என்பது அண்ணனின் அபிப்பிராயம்.

முதல் காகிதம் ஏழு மாதம் பழையது. கர்ப்பிணியின் ரத்தத்தில் கலந்திருக்கும் பிள்ளையின் மரபணுத் துணுக்குகளைப் பார்த்து, வயிற்றுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் பரிசோதனை. பதினோராவது வாரம் என்று போட்டு, ‘ஆண்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. நாங்கள் இருக்கும் நாட்டில் அதைச் சொல்லத் தடையில்லை. இரண்டாவது நாலு நாளைக்கு முன் வந்தது. ஆஸ்பத்திரித் தொட்டிலில் பன்னிரண்டு நாளாகக் கிடக்கும் பெண் குழந்தை இந்தத் தாய்க்கும் இந்தத் தகப்பனுக்கும் பிறந்ததுதான், சந்தேகமே இல்லை என்றது. இரண்டிலும் ஒரே ஆய்வகத்தின் முத்திரை.

தாய் ஒரு தபால்காரம்மா. நாற்பத்தொரு வயது, முதல் பிள்ளை. வயதைக் காரணம் காட்டித்தான் டாக்டர் அவளை அந்த ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். ஐந்தாம் மாத ஸ்கேனில் கேட்டால் சொல்லியிருப்பார்கள். தெரிந்த விஷயத்தை எதற்கு இன்னொரு தடவை கேட்பது என்று இவள் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்து பார்த்தால் பக்கத்தில் பெண்.

"பத்தொன்பது வருஷமா ஒரு கடுதாசியைக்கூட வீடு மாத்திப் போட்டதில்ல, மேடம்," என்று அவள் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னாள். "என் பிள்ளையை மாத்திப் போட்டுட்டாங்க. அவன் எந்த வீட்டுல இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அந்தப் பெண்ணை அவள் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. இரண்டாவது காகிதத்தை நம்பவும் இல்லை. தப்பு செய்தவர்களே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழ் என்றாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவர். மனைவியின் முகத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பெற்றவர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவதாக ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்துவிட்டது. காப்பகத்துப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

மூன்று நாளாக நாங்கள் பிரசவ வார்டைச் சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது. அன்றைக்கு அங்கே பிறந்தது இந்த ஒரே குழந்தை. முதல் நாளும் மறுநாளும்கூடப் பிரசவம் இல்லை. மாற்ற வேண்டுமென்றால் மாற்றுவதற்கு இன்னொன்று வேண்டாமா? தபால்காரம்மாவிடம் இதைச் சொன்னபோது, பதிவேட்டைத் திருத்த எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டாள். சந்தேகப்படுவதில் அண்ணிக்கே பாடம் எடுப்பாள் போலிருந்தது.

அண்ணி இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எது பொய்னு மூணு நாளாத் தேடறோம், தம்பி. ரெண்டுமே உண்மைன்னா?"

"அப்போ நமக்கு வேலை இல்ல, அண்ணி. நான் போய்த் தூங்கறேன்."

"ஸ்கூட்டரை எடு," என்றார் அண்ணி.

ஆய்வகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் கட்சிக்காரரை அழைத்து வந்திருக்கலாம் என்று படியேறும்போது சொன்னேன், அண்ணி சிரிக்கவில்லை. உள்ளே ஃபிரிட்ஜுகள் உறுமிக்கொண்டிருந்தன. அந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஆய்வகத்துப் பொறுப்பாளரான அம்மாள் ஒருவர் எங்களைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். நாங்கள் வருவது மூன்றாவது தடவை. இந்த வேலைக்கு வருமுன் மாட்டுப் பண்ணையில் இனப்பெருக்கப் பிரிவில் இருந்தவராம். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் குடும்பப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பசுவின் படம் இருந்தது.

அண்ணி தன் யோசனையை அவர் முன் வைத்தார். பையனும் இந்தப் பெண்ணும் ஒரே பிள்ளையாக இருக்கலாம் அல்லவா? ரத்தத்தில் ஆண், உருவத்தில் பெண். அப்படிப் பிறப்பதுண்டு என்று எங்கோ படித்திருக்கிறார்.

ஆய்வகத்து அம்மாவின் முகத்தில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது.

"உண்டு," என்றார். "எல்லாக் கருவும் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருக்கும். ஆணாவும் போகலாம், பெண்ணாவும் போகலாம், ரெண்டு வழிக்கும் வேண்டிய சாமான் உள்ளே தயாரா இருக்கும். டாக்டர் கணக்குல எட்டாவது வாரம் வாக்குல, ஒய் குரோமோசோம்ல இருக்கற ஒரு மரபணு முழிச்சுக்கும். அது முழிச்சா விதைப்பை உருவாகும், மத்ததெல்லாம் அது பின்னால வரும். ஒய் இருந்தும் அந்த ஒண்ணு முழிக்கலைன்னா, பிறக்கறது பார்வைக்குப் பெண்தான்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் மாற்றவில்லை. அந்தப் பையன்தான் இந்தப் பெண், தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அண்ணிக்கும் அந்த நிம்மதி வந்திருக்க வேண்டும், கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"ஆனா இந்தக் குழந்தை அப்படி இல்ல," என்றார் ஆய்வகத்து அம்மா.

பெற்றோர் பரிசோதனைக்காக வந்த குழந்தையின் ரத்தத்தில் அதையும் பார்த்துவிட்டாராம். யாரும் கேட்கவில்லை, அவராகவே பார்த்தார். இரண்டு எக்ஸ். ஒய் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது முழுக்க முழுக்கப் பெண் குழந்தை. பழைய ரத்தமும் ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்ததால் எடுத்து மறுபடி சோதித்துப் பார்த்திருக்கிறார். அது தபால்காரம்மாவின் ரத்தம்தான், குழாய் மாறவில்லை. அதில் ஒய் இருக்கத்தான் செய்கிறது.

அண்ணி கைப்பையை மறுபடி திறந்தார். அந்த ஒய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இருபது வருஷம் கோரிக்கைப் படிவங்களைப் பார்த்தவர், இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் அவருக்கு ருசி.

ஆய்வகத்து அம்மா கம்ப்யூட்டர் திரையில் கணக்கைத் தேடி எடுத்தார். உள்ளே ஒரு பையன் இருந்தால் இருக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றார். அப்படியானால் அதை ஏன் எழுதவில்லை? எழுத இடமில்லை. படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள். ஒய் தெரிந்தால் ஆண் என்று டிக் அடிக்க வேண்டும், தெரியாவிட்டால் பெண். ‘கொஞ்சம் ஆண்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கலாமே என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"பண்ணையில இருந்தப்போ இதை முதல்ல கேட்டிருப்பேன்," என்றார் ஆய்வகத்து அம்மா. குரல் இறங்கியிருந்தது. "பசு ரெட்டையாப் போட்டு, ஒண்ணு காளைக்கன்னு, இன்னொண்ணு கிடேரின்னா, அந்தக் கிடேரியை யாரும் வாங்க மாட்டாங்க. உள்ளே ரெண்டோட நஞ்சுக்கொடியும் ஒட்டிக்கும். காளையோட ரத்தம் கிடேரிக்கு ஓடி, அதோட கருப்பையைக் கெடுத்துடும், பெரும்பாலும் சினையே பிடிக்காது. அதனால எந்தக் கிடேரியைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, கூடப் பொறந்தது உண்டாங்கறதுதான். மனுஷங்களுக்கு ரத்தம் அப்படிக் கலக்கறதில்ல, இந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் வராது. ஆனா அந்தக் கேள்வியை இங்க நான் கேக்கவே இல்ல."

அப்போ வயிற்றில் இரண்டு பேரா என்று நான் கேட்டேன்.

தபால்காரம்மா கொடுத்த கோப்பை அண்ணி அங்கேயே பிரித்தார். தபால்காரர்களுக்கு உண்டான ஒழுங்கோடு, ஒவ்வொரு சீட்டும் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. பத்தாவது வாரத்தில் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. பயந்துபோய், கடிதம் போட்டுக்கொண்டிருந்த தெருவிலேயே இருந்த ஒரு சின்ன ஸ்கேன் மையத்துக்குள் நுழைந்திருக்கிறாள். ‘ஒரு கரு, இதயத் துடிப்பு நன்றாக உள்ளது’ என்று ஒரு வரி ரிப்போர்ட். அதோடு பின் குத்திய ஸ்கேன் படம், மிஷினிலிருந்து சுருளாக வரும் வழுவழுப்புத் தாள். இந்தத் துண்டை நாங்கள் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. படத்தைத்தான் பார்த்தோம். அண்ணி இப்போது ஓரத்தைப் பார்த்தார்.

மிஷினில் கிழிக்கும் தாளின் இரண்டு முனையும் பல் பல்லாக இருக்க வேண்டும். இதில் ஒரு முனை அப்படி இருந்தது. மறுமுனை கத்தரிக்கோலால் வெட்டியது, லேசாக வளைந்த வெட்டு.

"பாதியை யாரோ எடுத்துட்டாங்க, தம்பி," என்றார் அண்ணி.

ஸ்கேன் மையம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு கட்டில், அதன்மேல் சுருட்டிவிட்ட வெள்ளைக் காகிதம், பழைய மிஷின். வயிற்றில் தடவும் ஜெல் பாட்டிலை ஒரு கிண்ணம் வெந்நீரில் நிற்க வைத்திருந்தார்கள், குளிராமல் இருக்க. ஸ்கேன் செய்யும் டாக்டரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். நாங்கள் காத்திருந்து உள்ளே போனபோது மணி மூன்று. அண்ணி ஒன்றும் விளக்கவில்லை. படத்தை மேசையில் வைத்து, வெட்டின ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

நான் ஒரு மறுப்புக்குத் தயாராக இருந்தேன். இத்தனை வருஷத்தில் எல்லாரும் முதலில் மறுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"துடிப்பு இல்லாததை நான் எழுதறதில்ல," என்றார்.

ஆரம்பத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தாராம். இரட்டைக் கரு, ஒன்றுக்குத் துடிப்பில்லை என்று எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, ஒரு பெண் மிச்ச மாதங்கள் முழுவதும் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. இருக்கிற குழந்தையும் எந்த நிமிஷம் நின்றுவிடுமோ என்று நெஞ்சில் கை வைத்தபடியே கிடந்தாள். அதற்குப் பிறகு இவர் எழுதுவதை விட்டுவிட்டார். நின்றுபோனது பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். மூன்றாம் மாத ஸ்கேனில் தடயம்கூட இருக்காது. தெரியாமலே போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார். படத்தில் அது விழுந்திருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அடுத்த வாரம் இன்னொரு ஆய்வகத்தில் இவள் ரத்தம் கொடுப்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெட்டிய துண்டுகளை என்ன செய்வீர்கள் என்று அண்ணி கேட்டார்.

டாக்டரம்மா மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். குப்பையில் போட மனசு வரவில்லையாம். உள்ளே இரண்டு மூன்று விரல் அகலத் துண்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதி. எத்தனை என்று நான் எண்ணவில்லை, நிறைய இருந்தன. தேதி பார்த்து ஒன்றை எடுத்து எங்கள் படத்தின் பக்கத்தில் வைத்தார். வளைவோடு வளைவு பொருந்தியது.

இந்த மாதிரிப் பொருந்தும்போது நான் மேசையைத் தட்டுவது வழக்கம். அன்று கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இடது பக்கம் ஒரு கறுப்புப் பை, உள்ளே வெள்ளையாகக் கரு. வலது பக்கமும் ஒரு கறுப்புப் பை, உள்ளே கொஞ்சம் சிறியதாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஒரு சுவர். வலது பக்கத்தது இருபத்து மூன்று மில்லிமீட்டர், ஒன்பது வாரத்தோடு வளர்ச்சி நின்றிருக்கிறது என்று டாக்டரம்மா அளந்து சொன்னார். நீங்களே வந்து அந்தம்மாவிடம் சொல்ல முடியுமா என்று அண்ணி கேட்டதற்கு, முடியாது என்று தலையாட்டினார். அண்ணி அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். துண்டை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெளியே ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றேன்.

"சொல்லித்தான் ஆகணுமா, அண்ணி?"

"சொல்லலைன்னா அஞ்சு மணிக்குக் குழந்தை போயிடும்."

"சொன்னா?"

அண்ணி ஹெல்மெட் வாரைப் போட முயன்று, இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை போட்டார். "இந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்கு ஒரு பையன் எங்கேயோ உயிரோட இருக்கான், தம்பி. நாம போய்ச் சொன்னதும் அவன் செத்துடுவான். பொண்ணாவது தங்கணும்னா வேகமாப் போகணும்."

எங்கள் தொழிலில் குற்றவாளி கிடைக்காமல் போன வழக்குகள் உண்டு. குற்றமே இல்லாத வழக்கு இதுதான் முதல். ஆய்வகம் கண்டதைத்தான் எழுதியது. ஸ்கேன் டாக்டரம்மா இரக்கத்தில்தான் எழுதாமல் விட்டார். தபால்காரம்மா கையில் கொடுத்த காகிதத்தை நம்பினாள், அதுதான் அவள் தொழிலே. கையைப் பிடித்து முறுக்க ஓர் ஆள் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் போனபோது மணி நாலு பத்து. குழந்தைகள் அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சில் தபால்காரம்மாவும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே காப்பகத்திலிருந்து வந்த அம்மாள், மடியில் படிவம், கையில் பேனா. அவரைத் தாண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொட்டில். தபால்காரம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"கிடைச்சிட்டானா?"

அண்ணி அவளை உட்கார வைத்தார். இரண்டு துண்டுகளையும் பெஞ்சின் மேல் வைத்துச் சேர்த்தார். பேச ஆரம்பித்தவர் இடையில் நிறுத்தவே இல்லை, நிறுத்தினால் தொடர முடியாது என்று பயந்திருப்பார். இரண்டு பேர் இருந்தார்கள். இது உங்கள் பெண். இது அவன். எட்டாவது வாரத்தில் அவன் ஆணாக மாறத் தொடங்கினான், ஒன்பதாவது வாரத்தில் துடிப்பு நின்றது. பத்தாவது வாரத்தில் எடுத்த படம் இது. பதினோராவது வாரத்தில் எடுத்த ரத்தத்தில் அவனுடைய மிச்சம் இருந்தது, அதைத்தான் அந்தக் காகிதம் எழுதியது. இரண்டு காகிதமும் பொய் சொல்லவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் தாள் துண்டைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். அவன் எங்கே போனான் என்று அவர்தான் கேட்டார். வெளியே எதையும் எடுக்கவில்லையே, யாரும் எதையும் காட்டவில்லையே. அம்மாவின் உடம்பே அவனை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அண்ணி சொன்னார். அவர் சரி என்று தலையாட்டினார், அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தபால்காரம்மா அழவில்லை. இரண்டு துண்டுகளும் சேரும் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பேப்பர் வந்த அன்னைக்குத்தான் பேர் வெச்சேன்," என்றாள். "அப்போ அவன் இல்லையா?"

"இல்லம்மா."

"ஆறு மாசம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், மேடம். கூப்பிட்டா உதைப்பான். வயித்துல இந்தப் பக்கம். தினமும்." கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "உதைச்சது யாரு?"

அண்ணி கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தொட்டிலைப் பார்த்தார். காப்பகத்து அம்மாள் பேனாவை மூடினார்.

தபால்காரம்மா எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். குழந்தை பசிக்கு அழுதுகொண்டிருந்தது. அவள் தொட்டிலின் மேல் குனிந்து, பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அதைக் கையில் எடுத்தாள். சமாதானப்படுத்த வாயைத் திறந்தாள். ஒரு பெயர் உதடுவரைக்கும் வந்து நின்றது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான். அதை அவள் விழுங்கிக்கொண்டாள்.

பிறகு அந்தச் சின்ன முகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, முன்பின் தெரியாத வீட்டின் கதவைத் தட்டிக் கேட்கிற குரலில் மெதுவாகக் கேட்டாள்.

"உன் பேரு என்னடி?"